பியர் கேம் ஆடவைத்தேன், எல்லோரும் சிரித்தார்கள், அப்புறம் ஒன்றும் மாறவில்லை

புதுப்பயிற்றுநர் கேட்டது

எல்லோருக்கும் வணக்கம். பர்ச்சேஸ் பிரிவில் எட்டு வருடம் ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தவன் நான். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்லைடு போட்டுப் பேசினால் மதியத்துக்கு மேல் பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள். அதனால் போன மாதம் முதல் தடவையாக ஒரு விளையாட்டை வைத்துப் பார்த்தேன். பியர் கேம்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. 1960 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டரின் குழு உருவாக்கிய விளையாட்டு. சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நான்கு இருக்கைகள். ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருப்பவரிடம் ஆர்டர் போட வேண்டும். பேசக் கூடாது, துண்டுச் சீட்டு மட்டும்தான். போட்ட சரக்கு கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். தேங்கி நிற்கும் பியர் பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு, கொடுக்க முடியாமல் பாக்கி விழுந்த பெட்டிக்கு ஒரு டாலர்.

16 பேர், இரண்டு மேசை, மூன்று மணி நேரம். ரகளையாகத்தான் போனது. ஒரு மேசையில் தொழிற்சாலைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். ஆனால் தொடக்கத்தில் மேலதிகாரியின் உரை அரை மணி நேரத்தைத் தின்றுவிட்டது, விதிகளை விளக்கவும் நேரம் பிடித்தது. ஆட்டம் முடிந்தபோது மிச்சம் இருந்தது 12 நிமிடம். அவசர அவசரமாகச் சாட்டை விளைவு பற்றி ஒரு ஸ்லைடு காட்டினேன். அதாவது கைப்பிடியில் சின்ன அசைவு, நுனியில் பெரிய வீச்சு; வாடிக்கையாளர் கொஞ்சம் கூட்டிக் கேட்டாலும் தொழிற்சாலை வரை போகும்போது ஆர்டர் பெரிதாக ஆடிவிடும். "என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். மூன்று பேர் ஒரே குரலில், "கம்யூனிகேஷன் ரொம்ப முக்கியம் சார்." கைதட்டல், குரூப் போட்டோ. ஃபீட்பேக் படிவத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் ஐந்துக்கு ஐந்து.

மூன்று வாரம் கழித்து ஒரு சப்ளையர் ஒரு வாரம் தாமதம் செய்தார். அன்று அதிகமாகச் சிரித்து ஆடிய அதே ஆள், அதே பொருளுக்கு இரண்டாவது ஆர்டரும் போட்டுவிட்டார். விளையாட்டில் அவர் செய்து மாட்டிக்கொண்டதும் இதே தப்புதான். நினைவூட்டினேன். "அது கேம் சார், இது வேலை" என்றார்.

இப்போது மேலிடத்தில் ஒரு யோசனை ஓடுகிறது. அடுத்த தடவை இரண்டு மணி நேரம் போதும், கடைசியில் பேசுவதை எடுத்துவிட்டு போனில் பத்துக் கேள்வி வினாடி வினா வைத்துவிடலாம் என்கிறார்கள். ஆட்டத்துக்குப் பிறகு உட்கார்ந்து அசைபோடுவது உண்மையிலேயே அவ்வளவு அவசியமா? அவசியம் என்றால், வாயே திறக்காத ஆட்களை, அதுவும் மேலதிகாரி பக்கத்தில் இருக்கும்போது, எப்படிப் பேசவைப்பது?

கிடங்குக்கிழவன் எழுதியது

தம்பி, "அது கேம், இது வேலை" என்பதை நான் 19 வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் ஆடினார், அவ்வளவுதான். ஆடியதை எடுத்துத் தன் மேசையோடு ஒட்டிப் பார்க்க அவருக்கு நேரமே கிடைக்கவில்லை.

முதலில் நீங்கள் கைக்கு வந்ததைக் கோட்டைவிட்ட ஒரு இடத்தைச் சொல்கிறேன். பியர் கேமின் உயிரே ஆட்டம் முடிந்த அடுத்த பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. கடைக்காரரைத் தவிர மற்ற மூன்று இருக்கைக்காரர்களிடமும் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுங்கள். "வாடிக்கையாளர் வாரா வாரம் எவ்வளவு கேட்டிருப்பார்? கோடு போட்டுக் காட்டுங்க." வேறு எதுவும் சொல்லாதீர்கள். மலை மாதிரி ஏறி, பள்ளத்தாக்கு மாதிரி இறங்கும் கோடு போடுவார்கள். உச்சியில் 30, 40 என்று எழுதுவார்கள். எல்லாத் தாளையும் சுவரில் ஒட்டிவிட்டு, கடைசியாகக் கடைக்காரரை எழுந்து, வாடிக்கையாளர் கேட்ட அளவு இருக்கும் தன் சீட்டுக்கட்டைப் படிக்கச் சொல்லுங்கள். நாலு, நாலு, நாலு, நாலு, எட்டு, எட்டு, எட்டு... கடைசிவரை எட்டுதான். ஐந்தாவது வாரம் ஒரே ஒரு படி ஏறியது, பிறகு அசையவே இல்லை.

அந்த நேரத்தில் அறையில் விழும் அமைதிக்காகத்தான் மூன்று மணி நேரமும் ஆடவைத்தோம். பயிற்றுநர் வாயைத் திறக்கவே கூடாத இடம் அது. எனக்குச் சும்மா இருக்க வராது. அதனால் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு மெதுவாகக் குடிப்பேன். பாட்டில் பாதியாவதற்குள் யாராவது ஒருவர், "அப்போ அந்த மலை எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டுவிடுவார். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டால் பாடம். அவர்களே கேட்டால் அன்று ராத்திரி வீட்டுக்குப் போயும் அது விடாது.

நீங்கள் என்ன செய்தீர்கள்? அவர்கள் கேட்பதற்கு முன்பே ஸ்லைடில் பதிலைக் காட்டிவிட்டீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், முதல் நான்கு வருடம் நானும் இதைத்தான் செய்தேன். என்னிடம் 42 ஸ்லைடு இருந்தது!

அடுத்தது, "என்ன கத்துக்கிட்டீங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் பழகிய வாய் அது, ஆசிரியருக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்லும். "கம்யூனிகேஷன்" என்ற சொல் வந்தால், இன்னும் யாரும் யோசிக்க ஆரம்பிக்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். விளையாட்டு வடிவமைப்பில் பெரிய பெயர் சிவசைலம் தியாகராஜன். பெயரைப் பார்த்தாலே நம்மவர் என்று தெரியும், உலகம் அவரைத் தியாகி என்றுதான் கூப்பிடுகிறது. ஆளுக்கு ஆள் தெரியாமல் விதி மாறியிருக்கும் பார்ங்கா என்ற சீட்டு விளையாட்டு அவருடையதுதான். ஆட்டத்துக்குப் பிந்தைய பேச்சுக்கு அவர் வைத்திருக்கும் வரிசையில் முதல் கேள்வியே மனசு எப்படி இருக்கிறது என்பது. அப்புறம்தான் என்ன நடந்தது, என்ன புரிந்தது, வேலையோடு எப்படிப் பொருந்துகிறது, இப்படி மாறியிருந்தால் என்னவாகியிருக்கும், இனி என்ன செய்வோம். முதல் கேள்வி எனக்கு ஆரம்பத்தில் அசட்டுத்தனமாகத் தெரிந்தது. ஒருமுறை அதைத் தாண்டிப் போனேன். மொத்த வியாபாரியாக இருந்தவருக்கு விநியோகஸ்தர்மேல் இருந்த கடுப்பு அடங்கவே இல்லை, கடைசிவரை அவர்கள் சண்டையைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். இப்போதெல்லாம் முதல் ஐந்து நிமிடம் நன்றாகத் திட்டிக்கொள்ள விட்டுவிடுகிறேன்.

கோபம் வடிந்தபின் ஆர்டர் தாளைக் கையில் கொடுங்கள். பொதுவாகப் பேசவிடாதீர்கள். "14ஆவது வாரம் 40 என்று எழுதியிருக்கிறீர்கள். பேனாவை வைப்பதற்கு முன் எதைப் பார்த்தீர்கள்?" பாக்கியைப் பார்த்தேன் என்பார். "ஏற்கெனவே போட்டு வழியில் வந்துகொண்டிருந்தது எவ்வளவு?" தாளைப் புரட்டுவார். கூட்டிப் பார்ப்பார். முகம் மாறும். அதே எம்.ஐ.டி.யின் பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் 1989இல் இந்த விளையாட்டை வைத்தே ஆராய்ந்து எழுதியதன் சாரமும் இதுதான். வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கை மனிதர்கள் கணக்கில் வைப்பதில்லை. அவர் பார்த்த குழுக்களின் சராசரிச் செலவு, இருக்க வேண்டியதைப் போலச் சுமார் பத்து மடங்கு. ஆடியவர்களோ பழியை வாடிக்கையாளர்மேல் போட்டார்கள்.

அடுத்ததுதான் உங்கள் ஆளுக்கு வேண்டிய மருந்து. போகும்போது உங்கள் நிறுவனத்தின் நிஜமான பர்ச்சேஸ் ஆர்டர்களில் பத்து, பதினைந்தை அச்செடுத்துக்கொண்டு போங்கள். ஆட்கள் பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள். ஆட்டத்தின் ஆர்டர் தாள் பக்கத்திலேயே அதை வையுங்கள். "இதே மாதிரி இதில் எதாவது இருக்கா?" அவ்வளவுதான் கேள்வி. இதன் பிறகு "அது கேம்" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நேரம் போதவில்லை என்றால் ஆட்டத்தை வெட்டுங்கள், பேச்சை வெட்டாதீர்கள். 50 வாரம் என்று சொல்லிவிட்டு 30, 35இல் நிறுத்துவது பழைய வழக்கம்தான். முடிவு தெரிந்தால் கடைசி வாரங்களில் ஸ்டாக்கைக் காலி செய்து ஏமாற்றுவார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆடிய நேரத்தில் பாதியாவது பேச்சுக்கு வேண்டும் என்பது என் கணக்கு.

செவிலிப்பயிற்றுநர் எழுதியது

எங்கள் துறையில் விளையாட்டு என்று சொல்ல மாட்டோம், சிமுலேஷன் என்போம். பொம்மை நோயாளி, நிஜ மானிட்டர், நிஜ மருந்துத் தள்ளுவண்டி. காட்சி 10 நிமிடம், பேச்சு 20 நிமிடம், சில நாள் அரை மணி நேரம். யாரும் இதை வீண் என்று சொல்வதில்லை.

மேலதிகாரி பிரச்சினை பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு பயிற்சியில் பொம்மையின் ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. 94, 91, 88. ஒரு இளம் செவிலி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள், ஆனால் டாக்டரைக் கூப்பிடவில்லை. முடிந்ததும் நான் எல்லோர் முன்னாலும் கேட்டது, "ஏன் கூப்பிடலை?" அவள் அழுதுவிட்டாள். மற்ற ஐந்து பேரும் அன்று முழுக்க "சரி மேடம்" தவிர வேறு எதுவும் பேசவில்லை. எனக்கு நல்ல பாடம்.

பாஸ்டனில் மருத்துவ சிமுலேஷன் நடத்தும் ஜென்னி ருடால்ஃபும் அவர் குழுவினரும் 2006இல் எழுதிய கட்டுரை ஒன்றை அதற்கப்புறம்தான் படித்தேன். மனசுக்குள் தீர்ப்பை வைத்துக்கொண்டு வெளியே வெள்ளந்தியாகக் கேள்வி கேட்பதுபோல் நடிக்காதே என்கிறார்கள். பார்த்ததைச் சொல், அதைப் பற்றி உனக்குத் தோன்றியதையும் மறைக்காமல் சொல், பிறகு அவர் தலைக்குள் என்ன ஓடியது என்று உண்மையான ஆர்வத்தோடு கேள். அடுத்த மாதம் அவளையே தனியாக உட்காரவைத்துச் சொன்னேன், "88 வந்தபோது நீ மானிட்டரைப் பார்த்ததை நான் கவனித்தேன். கூப்பிட வேண்டிய நேரம் என்று எனக்குத் தோன்றியது, கொஞ்சம் கவலையும் பட்டேன். அப்போது நீ என்ன நினைத்தாய்?"

அவள் சொன்ன பதில்: "போன வாரம் ராத்திரி டியூட்டியில் 90க்குக் கூப்பிட்டேன் மேடம். இதுக்கெல்லாம் எழுப்புவியான்னு திட்டு வாங்கினேன்."

எந்த அளவில் கூப்பிட வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். வினாடி வினா வைத்திருந்தால் பத்துக்குப் பத்து வாங்கியிருப்பாள்! பேசியதால்தான் கோளாறு வார்டில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தது, கூப்பிடும் விதிமுறையையே திருத்தி எழுதினோம்.

மேலதிகாரியை அறையில் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பார்வையாளராக மட்டும் உட்காரவைக்காதீர்கள். ஒரு இருக்கையைக் கொடுத்து ஆடவையுங்கள். பேச்சிலும் அவர் செய்த சொதப்பலை அவரே முதலில் சொல்லட்டும். முன்கூட்டியே தனியாகக் கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். சம்மதிக்காதவர் என்றால், பேச்சு தொடங்கும்போது அவரை வெளியே அழைத்துப்போக ஒரு சாக்கு கண்டுபிடியுங்கள். நான் பலமுறை கண்டுபிடித்திருக்கிறேன்.

ஆப்காரன் எழுதியது

பயிற்சி ஆப் செய்வதுதான் என் பிழைப்பு, அதனால் நான் எதிர்க்கட்சி என்று நினைக்க வேண்டாம்.

மேலிடத்துக்குக் காட்ட எண் வேண்டுமென்றால் இரண்டு இருக்கின்றன. டிரேசி சிட்ஸ்மன் 2011இல் கணினி சிமுலேஷன் விளையாட்டுகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். செய்முறை அறிவு 14 சதவீதம், தகவல் அறிவு 11 சதவீதம் கூடுதல் என்று வந்தது. ஆனால் விளையாட்டை மட்டும் தனியாக விட்டபோது பலன் தெரியவில்லை, வேறு பயிற்சியோடு சேர்த்தபோதுதான் மேலே போனது. இன்னொன்று 2013இல் டானன்பாம், செராசோலி இருவரும் ஆட்டத்துக்கு அல்லது பணிக்குப் பிந்தைய அலசல்களைத் தொகுத்தது. 46 மாதிரிகள். ஒழுங்காக நடத்தினால் செயல்திறன் சராசரியாக 20 முதல் 25 சதவீதம் உயர்கிறது என்றார்கள். பேச்சுக்கு ஆகும் செலவு ஒரு அறையும் கொஞ்ச நேரமும்தான். இந்தக் கணக்கு மேலிடத்துக்குப் புரியும்.

சரி, இப்போது கொஞ்சம் முரண்படுகிறேன். எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து பேச வேண்டியதில்லை. லிஃப்டிங் கொக்கியை எப்படிப் பூட்டுவது, படிவத்தை எந்த வரிசையில் நிரப்புவது, இதற்கெல்லாம் இன்னும் நாலு தடவை செய்யவிட்டாலே போதும். ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்ற கேள்வி இருக்கும் இடத்தில்தான் பேச்சுக்கு வேலை.

ஆப்பில் அசைபோடவைக்க நானும் முயன்று மண்ணைக் கவ்வியிருக்கிறேன். கடைசியில் ஒரு பெட்டி, "உங்கள் அனுபவத்தைப் பற்றி எழுதுங்கள்." வந்த பதில்களில் முக்கால்வாசி "ஓகே", "நன்று", ஒரு கட்டைவிரல் படம். ஒருவர் வெறும் புள்ளி வைத்திருந்தார், பெட்டி காலியாக இருந்தால் அடுத்த பக்கம் போகாது என்பதால்.

பிறகு பெட்டியைக் கடைசியிலிருந்து எடுத்து நடுவில் வைத்தேன். மூன்றாம் சுற்றுக்கு முன், "இந்தச் சுற்றில் எதை மாற்றப் போகிறீர்கள்? என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?" சுற்று முடிந்ததும் அவர் எழுதியதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவேன், ஒரு விமர்சனமும் இல்லாமல். ஆட்கள் வரி வரியாக எழுத ஆரம்பித்தார்கள். தான் சொன்னது பொய்த்துப்போனால் மனிதனுக்குப் பொறுக்காது போலிருக்கிறது. உங்கள் மேசை விளையாட்டிலும் 12ஆவது வாரம் ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தி, ஆளுக்கு இரண்டு வரி எழுதவைத்துப் பாருங்கள்.

கிடங்குக்கிழவன் எழுதியது

நடுவில் நிறுத்தினால் ஆட்டத்தின் சூடு போய்விடும் என்று எனக்கு ஒரு பயம் உண்டு. பியர் கேமில் அந்தச் சூடுதான் எல்லாமே. பேசாமல், எழுத மட்டும் வைத்து இரண்டு நிமிடத்தில் முடித்தால் ஒருவேளை சரிவரலாம். மற்றபடி அந்தப் புள்ளி வைத்த ஆளை எனக்குப் பிடித்துவிட்டது.

புதுப்பயிற்றுநர் எழுதியது

எல்லோருக்கும் நன்றி. ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

இரண்டு மணி நேரம்தான் கொடுத்தார்கள். அதனால் எட்டுப் பேர், ஒரே மேசை. 22ஆவது வாரத்தில் நிறுத்திவிட்டேன். பேசுவதற்கு 45 நிமிடம் கிடைத்தது. ஐயா சொன்ன மாதிரி நிஜ ஆர்டர்களையும் அச்செடுத்துப் போனேன். நடுவில் எழுதவைத்தது எனக்குச் சரிவரவில்லை. பாதிப் பேர் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதினார்கள். மேலதிகாரியை ஆட அழைத்தேன், வேலை இருக்கிறது என்று அவரே வரவில்லை. செவிலி அக்காவின் சாக்கு தேவைப்படவில்லை.

இரண்டு ஆர்டர் போட்ட அந்த ஆளையும் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தேன். இந்தத் தடவை அவருக்கு விநியோகஸ்தர் இருக்கை. அவர் வரைந்த மலையின் உச்சி 35. கடைக்காரர் சீட்டைப் படிக்கப் படிக்க இவர் சுவரில் இருந்த தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடித்தேன். கிட்டத்தட்ட முழு பாட்டிலும் போனது. யாரும் பேசவில்லை, எனக்கு வியர்த்துவிட்டது. அப்புறம் அவர்தான் கேட்டார், "அப்போ நம்ம சப்ளையர் இருக்காரே, அவரும் நம்மளை இப்படித்தான் திட்டிக்கிட்டு இருப்பாரா?"

நிஜ ஆர்டர் தாள்களை நீட்டினேன். தன்னுடையதை அவரே எடுத்தார். பெயரை மறைத்திருந்தும் தேதியை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். பத்து நிமிடம் அதையும் ஆட்டத்தின் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். எட்டு வருடம் அதே திரையில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தோன்றியதே இல்லை. எங்கள் ஆர்டர் திரையில் கையிருப்பு தெரியும், குறைந்தபட்ச அளவு தெரியும். ஏற்கெனவே போட்டு இன்னும் வராத ஆர்டர் வேறொரு பக்கத்தில் இருக்கிறது, மூன்று கிளிக் தள்ளி. அவசரத்தில் யார் போய்ப் பார்ப்பார்கள்?

"வரவேண்டியது" என்று ஒரு கட்டத்தை முதல் பக்கத்திலேயே சேர்க்கச் சொல்லி ஐ.டி. பிரிவுக்கு எழுதியிருக்கிறோம். இரண்டு மாதம் ஆகும் என்கிறார்கள். அதுவரைக்கும் அவர் மானிட்டர் ஓரத்தில் ஒரு தாளை ஒட்டி, பென்சிலால் எழுதி அழித்துக்கொண்டிருக்கிறார். நேற்றுப் பார்த்தேன், பக்கத்து மேசையிலும் ஒரு தாள் முளைத்திருக்கிறது.

எட்டுப் பேரில் ஒருவர் இந்தத் தடவையும் "கம்யூனிகேஷன்தான் சார் முக்கியம்" என்றார். அவரை என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள்.